கோச் இப்போது எங்கே நிற்க வேண்டும்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எட்டுப் பேர் கொண்ட ஒரு மென்பொருள் டீமுக்கு ஏழு மாதமாக நீங்கள் கோச், அதாவது அவர்கள் சேர்ந்து வேலை செய்யும் முறையைச் சீராக்கத் துணை நிற்பவர். முதல் மூன்று மாதம் ஸ்டாண்ட்-அப் (தினமும் நடக்கும் சின்னக் கூட்டம்), ஸ்பிரின்ட் (சில வாரக் கெடு வைத்த வேலைச் சுற்று) திட்டமிடல், ரெட்ரோ (சுற்று முடிந்ததும் எது சரி, எது தப்பு என்று பேசும் கூட்டம்) என்று எல்லாவற்றையும் நீங்களே நடத்தினீர்கள். ஓரளவு சீராகப் போனது. டீம் தன் காலில் நிற்கட்டும் என்று நான்காவது மாதம் ஒதுங்கிக்கொண்டீர்கள். இப்போது ஸ்டாண்ட்-அப் கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்குகிறது, ரெட்ரோவில் யாரும் வாய் திறப்பதில்லை, ரிலீஸ், அதாவது மென்பொருளை வெளியிடுவது, இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. "நீங்க இங்க என்னதான் பண்றீங்க?" என்று மேனேஜர் கேட்டேவிட்டார். பழையபடி எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்ளலாமா என்கிறீர்கள்.

சிலவற்றை எடுங்கள். எல்லாவற்றையும் எடுத்தால் மூன்று மாதம் கழித்து இதே கேள்வியோடு வந்து நிற்பீர்கள்.

நீங்கள் செய்த இரண்டு காரியத்திலும் ஒரே பிழைதான் இருக்கிறது. முதலில் முழுசாக உள்ளே இருந்தீர்கள், பிறகு முழுசாக வெளியே போனீர்கள். டீமுக்கு ஒரே ஒரு குழாய் இருப்பதுபோலவும், அதை நீங்கள் திறப்பதும் மூடுவதுமாக இருப்பதுபோலவும் நடந்துகொண்டீர்கள். எந்த டீமும் அப்படி இருப்பதில்லை. கோட் எழுதுவதில் கை தேர்ந்த அதே எட்டுப் பேர், ஒரு வேலை எவ்வளவு நாள் பிடிக்கும் என்று கணிப்பதில் கற்றுக்குட்டிகளாக இருப்பார்கள். கணிப்பில் கெட்டிக்காரர்களாக இருப்பவர்கள், ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம் வந்தால் அதை எப்படிப் பேசுவது என்று தெரியாமல் டிக்கெட்டில் (வேலையைப் பதிந்துவைக்கும் குறிப்பில்) கமென்ட் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். ஆகவே "என் டீம் எந்த நிலையில் இருக்கிறது" என்ற கேள்வியே அவ்வளவு உபயோகமில்லை. "இந்தக் குறிப்பிட்ட வேலையில் இவர்களுக்கு இப்போது எது குறைகிறது" என்று கேட்டால்தான் ஏதாவது பிடி கிடைக்கும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. பின்னாளில் சூழலுக்கு ஏற்ற தலைமை என்று பெயர் பெற்ற சட்டகத்தை மேலாண்மை ஆய்வாளர்கள் பால் ஹெர்சி, கென் பிளாஞ்சார்ட் இருவரும் 1969-லேயே முன்வைத்தார்கள். அதில் ஒருவர் எவ்வளவு தயார் என்பதை ஒவ்வொரு வேலையோடும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பயிற்சி வகுப்புகளில் இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு, கட்டளையிடுவதில் தொடங்கிப் பொறுப்பை ஒப்படைப்பதில் முடியும் அந்த நான்கு கட்டப் படத்தை மட்டும் காட்டுவார்கள். குழுக்கள் வளரும் விதத்தைப் பற்றி எழுதிய உளவியலாளர் புரூஸ் டக்மனுக்கும் இதே கதிதான். உருவாதல், மோதல், ஒழுங்குபடுதல், செயல்படுதல் என்று 1965-ல் அவர் சொன்ன நான்கு கட்டங்களை இன்று பள்ளிக்கூட வகுப்புகள் மாதிரி ஒப்பிக்கிறோம்: ஒன்றாம் வகுப்பு முடிந்தால் இரண்டாம் வகுப்பு. அவர் சொந்தமாகச் சோதனை எதுவும் நடத்தவில்லை. அதுவரை வெளிவந்திருந்த சுமார் 50 கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்தார், அவற்றில் பெரும்பகுதி மனச்சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியது. மேரி ஆன் ஜென்சனோடு சேர்ந்து 1977-ல் கலைதல் என்ற ஐந்தாவது கட்டத்தையும் சேர்த்தார். நல்ல வரைபடம், மறுக்கவில்லை. ஆனால் நாலாவது மாதம் வந்துவிட்டது, இனி டீம் தானே ஓடும் என்று நாள்காட்டியைப் பார்த்து ஒதுங்குவதற்கு அதில் எந்த ஆதாரமும் கிடையாது. இரண்டு புது ஆட்கள் சேர்ந்தால் போதும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த டீம் மறுபடி ஒருவரை ஒருவர் நோட்டம் பார்க்கும் இடத்துக்குப் போய்விடும். நீங்களும் கூடவே பின்னால் போக வேண்டியதுதான்.

நான் சறுக்கிய இடத்தையும் சொல்கிறேன், உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். கோச்சிங் பயிற்சி முடித்துவிட்டு வந்த புதிது. பதில் சொல்லவே கூடாது, கேள்வி மட்டும்தான் கேட்க வேண்டும் என்று ஒரு விரதம். ஒரு டீம் தானியங்கி டெஸ்ட் (கோட் சரியாக ஓடுகிறதா என்று தானே சோதிக்கும் நிரல்) எழுத ஆரம்பிக்க விரும்பியது, பழைய கோட், டெஸ்ட் எழுத இடமே கொடுக்காத கோட். நான் வெள்ளைப் பலகை முன்னால் நின்றுகொண்டு, "எங்கேருந்து ஆரம்பிக்கலாம்னு தோணுது?", "வேற என்ன வழி இருக்கு?", "அது ஏன் முக்கியம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நாற்பது நிமிடம் போயிருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு டெவலப்பர் லேப்டாப்பை மெதுவாக மூடினார். "உங்களுக்குப் பதில் தெரியும்னு எங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சு வச்சுக்கிட்டே ஏன் எங்களைக் கேக்குறீங்க?" என்றார். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகக் கேட்டார். அறையில் யாரும் சிரிக்கவில்லை.

அவர் சொன்னது நியாயம். தெரியாத ஒன்றை ஒருவருக்குள்ளிருந்து கேள்வி கேட்டு வெளியே எடுக்க முடியாது. அங்கே தேவைப்பட்டது வாத்தியார். மறுநாள் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டேட்டாபேஸைத் தொடும் ஒரே ஒரு கிளாஸை (கோட்டின் ஒரு தனிப் பகுதியை) எடுத்து, அந்த இணைப்பை எப்படிப் பிரித்து வெளியிலிருந்து கொடுப்பது என்று நானே செய்து காட்டினேன். முதல் டெஸ்ட் நான் எழுதினேன், இரண்டாவதை அவர் எழுத நான் பார்த்தேன். மூன்றாவதற்கு என்னைக் கூப்பிடவில்லை. பதினோரு மணி வாக்கில் டெஸ்ட் தேறியதற்கு அடையாளமாகத் திரையில் பச்சை வந்ததைப் பார்த்துவிட்டு, பக்கத்து மேசைக்காரரை அவரே கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

கல்வியியலில் இதைச் சாரம் கட்டுவது என்பார்கள். உட், புரூனர், ராஸ் மூவரும் 1976-ல் எழுதிய கட்டுரையிலிருந்து புழக்கத்துக்கு வந்த உவமை. கட்டடத்தைச் சுற்றிக் கட்டும் அதே சாரம்தான், சுவர் நின்றதும் அவிழ்த்துவிட வேண்டியது. அவிழ்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது: கற்றுக்குட்டிக்கு உதவுகிற விரிவான வழிகாட்டல், தேர்ந்தவருக்கு உதவாமல் போவதோடு இடைஞ்சலாகவும் மாறுகிறது என்று ஸ்லாவா கல்யூகாவும் கூட்டாளிகளும் 2003-ல் தொகுத்துக் காட்டினார்கள். முதல் மூன்று மாதம் நீங்கள் நடத்தியதில் தப்பே இல்லை. அந்த மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எதையாவது அவிழ்த்தீர்களா என்பதுதான் என் சந்தேகம். ஒரே நாளில் மொத்தச் சாரத்தையும் உருவியதாகத்தான் உங்கள் விவரிப்பிலிருந்து தெரிகிறது.

இப்போது உங்கள் மூன்று பிரச்சினைக்கும் வருகிறேன். மூன்றும் ஒரே நோயின் அறிகுறி என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஸ்டாண்ட்-அப் தாமதமாகிறது என்றால் பெரும்பாலும் அது அவர்களுக்குத் தேவைப்படவில்லை என்று அர்த்தம். இத்தனை நாள் அது உங்களுக்காக நடந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: பேசுகிறவரின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். நான் பார்த்த ஒரு டீமில் ஏழு பேரும் வரிசையாக என் முகத்தைப் பார்த்து ஒப்பித்தார்கள். நேற்று இது, இன்று இது, தடை எதுவும் இல்லை. நான் ஒன்றும் சொல்லாமல், மறுநாளிலிருந்து, வேலைகளை அட்டைகளாக ஒட்டியிருந்த பலகைப் பக்கம் திரும்பி, அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அட்டைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு நாள் பேச்சு தடுமாறியது, ஒருவர் என் முதுகைப் பார்த்தே ஒப்பித்தார். நான்காம் நாள் பின்னாலிருந்து ஒரு குரல், "அந்த ஏபிஐ-ய நேத்தே மாத்திட்டேன்" என்றது (ஏபிஐ என்பது ஒரு நிரல் இன்னொரு நிரலோடு பேசும் வழி). உடனே இன்னொரு குரல்: "எப்போ? நான் பழசுக்குத்தானே எழுதிக்கிட்டிருக்கேன்!" இரண்டு பேரும் பத்து நிமிடம் வாதாடினார்கள். அந்த டீமின் முதல் உண்மையான ஸ்டாண்ட்-அப் அதுதான் என்று நினைக்கிறேன். அங்கே என் பங்கு, நான் நிற்கும் இடத்தை மாற்றியது மட்டும்.

உங்கள் டீமில் இது சரிப்படாவிட்டால், ஸ்டாண்ட்-அப்பை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, யாருக்கு என்ன தெரியாமல் போனது என்று வெள்ளிக்கிழமை கேளுங்கள். ஒன்றுமே தெரியாமல் போகவில்லை என்றால் நிம்மதியாக விட்டுவிடலாம். சடங்கைக் காப்பாற்றுவது உங்கள் வேலை இல்லை.

ரெட்ரோ மௌனம் இதைவிடக் கவலைப்பட வேண்டிய விஷயம். மௌனத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்று அலுப்பு: போன மூன்று ரெட்ரோவில் முடிவு செய்ததில் எத்தனை நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் பேசி என்ன ஆகப்போகிறது என்றுதான் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் புதுப்புது விளையாட்டு, வண்ண ஒட்டுத்தாள், படகுப் படம் எல்லாம் வேண்டாம். சின்னதாக ஒரு முடிவை எடுத்து, அடுத்த ரெட்ரோவுக்குள் அதை நடத்திக் காட்டினால் போதும்.

இன்னொன்று பயம். ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துப் பிழைகளை ஆராயப் போனபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் பிழைக் கணக்கு அதிகமாக வந்தது. அங்கே பிழைகள் அதிகம் நடந்தன என்பதைவிட, நடந்ததை வெளியே சொல்லத் தயங்கவில்லை என்பதே பொருத்தமான விளக்கமாக இருந்தது. 1999-ல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை வைத்து, தைரியமாக வாய்திறக்க முடிகிற குழுக்களே அதிகம் கற்றுக்கொள்கின்றன என்று காட்டினார். அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், "பிரச்சினை எதுவும் இல்லை" என்று சொல்லும் ரெட்ரோதான் உங்களைத் தூங்கவிடக் கூடாது. மேனேஜர் அந்த அறையில் இருக்கிறாரா? ரெட்ரோவில் பேசியது எப்போதாவது அவர் காதுக்குப் போயிருக்கிறதா? உங்கள் வழியாகவே போயிருக்கலாம், நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பீர்கள். அப்படி நடந்திருந்தால் நீங்கள் வாத்தியாராகவும் இருக்க முடியாது, கேள்வி கேட்பவராகவும் இருக்க முடியாது. முதலில் போன நம்பிக்கையை மீட்க வேண்டும். ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசுங்கள். அங்கே கேட்டதை எங்கேயும் சொல்லாதீர்கள், ரெட்ரோவிலும்கூட.

மூன்றாவது, ரிலீஸ் தள்ளிப்போவது. இதற்கு டீமுக்குள்ளே காரணம் தேடுவதற்கு முன் வெளியே தேடுங்கள். அனுமதி கொடுக்க வேண்டிய இன்னொரு துறை, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் கிடைக்கும் சோதனைச் சூழல், நடுவில் புகுந்து முன்னுரிமையை மாற்றும் ப்ராடக்ட் ஓனர் (எதை முதலில் செய்வது என்று முடிவு செய்பவர்). இதில் ஒன்று இருந்தால் டீமுக்கு எவ்வளவு கோச்சிங் கொடுத்தும் பிரயோஜனமில்லை. ரூத் வேக்மன் ஜெராக்ஸ் நிறுவனத்தில் 43 சுயநிர்வாகக் குழுக்களை ஆராய்ந்து 2001-ல் வெளியிட்ட முடிவு கோச்களுக்குக் கொஞ்சம் கசப்பானது. குழு எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பது, கோச் பக்கத்தில் இருந்து செய்வதைவிட அதிகப் பலன் தந்தது. நல்ல கோச்சிங்கும் நன்றாக அமைந்த குழுக்களில்தான் எடுபட்டது, அமைப்பு கோணலாக இருந்த குழுக்களில் பெரிதாக எடுபடவில்லை. ஆகவே ரிலீஸ் விஷயத்தில் நீங்கள் நிற்க வேண்டிய இடம் மேனேஜரின் அறை. "என்னதான் பண்றீங்க" என்று கேட்டாரே, அதற்குப் பதிலும் அங்கேயே இருக்கிறது: தள்ளிப்போன இரண்டு ரிலீஸிலும் எந்த நாள் யாருக்காகக் காத்திருந்தோம் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை கூட்டம் நடத்தினேன் என்ற பட்டியல் வேண்டாம். அதைக் கொடுத்தால் உங்களைக் கூட்டம் ஏற்பாடு செய்பவராகவே வைத்துக்கொள்வார்.

போகிறபோக்கில் ஒன்று. ஸ்டாண்ட்-அப், ஸ்பிரின்ட், ரெட்ரோ எல்லாம் ஸ்க்ரம் என்ற வேலைமுறையின் பகுதிகள், அதில் கோச் மாதிரியான பொறுப்புக்கு ஸ்க்ரம் மாஸ்டர் என்று பெயர். 2020-ல் ஸ்க்ரம் வழிகாட்டியைத் திருத்தியபோது, ஸ்க்ரம் மாஸ்டரைக் குறித்த சேவகத் தலைவர் என்ற சொல்லை எடுத்துவிட்டு, சேவை செய்யும் உண்மையான தலைவர்கள் என்று எழுதினார்கள். பழைய சொல்லில் எல்லாரும் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, அறை பதிவு செய்வதையும் குறிப்பு எடுப்பதையும் ஸ்க்ரம் மாஸ்டர் தலையில் கட்டிவிட்டார்கள். திருத்தம் சரிதான் என்பது என் கட்சி.

வாத்தியாரா, கேள்வி கேட்பவரா, எந்த வேடம் என்பதோடு எப்போது என்பதும் இருக்கிறது. கோனி கெர்சிக் 1988-ல் எட்டுக் குழுக்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்தார். கெடு எத்தனை நாளாக இருந்தாலும் சரி, ஏறக்குறைய அதன் பாதியில்தான் ஒவ்வொரு குழுவும் திடுக்கிட்டு விழித்து வேலைமுறையை மாற்றியது. அதுவரை முதல் கூட்டத்தில் பிடித்த பாதையிலேயே போனார்கள். இதையொட்டி ரிச்சர்ட் ஹேக்மனும் வேக்மனும் 2005-ல் சொன்னது: ஆரம்பத்தில் ஊக்கம் பற்றிப் பேசு, பாதியில் வேலைமுறை பற்றிப் பேசு, முடிந்தபின் கற்றதைப் பற்றிப் பேசு. நேரம் தப்பினால் நல்ல அறிவுரையும் காதில் ஏறாது. நானே இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஸ்பிரின்ட்டின் இரண்டாம் நாள் போய் "இந்த முறை சரியில்லையே" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். இப்போதெல்லாம் நோட்டில் குறித்துவைத்துக்கொண்டு ஆறாம் நாள் வரை காத்திருக்கிறேன். பாதிக் குறிப்புகளை அதற்குள் அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள், அவற்றை அடித்துவிடுவேன்.

சர்வர் விழுந்துவிட்ட நேரம் இதற்கெல்லாம் விதிவிலக்கு. வாடிக்கையாளர் போன் அடித்துக்கொண்டிருக்கும்போது "இதிலிருந்து என்ன கற்றுக்கொள்கிறோம்" என்று கேட்கும் கோச்சை வெளியே அனுப்பிவிட வேண்டும். தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் மேனேஜரை டீமிடமிருந்து தள்ளி நிறுத்துங்கள். கேள்வியெல்லாம் மறுநாள்.

உங்கள் விஷயத்தில் பெரிய ஓட்டை என்று நான் நினைப்பது வேறொன்று. நீங்கள் ஒதுங்கியதை அவர்களிடம் சொன்னீர்களா? கேள்வியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்று மாதம் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவர் ஒரு திங்கட்கிழமை திடீரென்று பின்வரிசையில் உட்கார்ந்தால் டீம் என்ன நினைக்கும்? கோபமோ, வேறு டீமுக்குப் போகிறாரோ, மேலே ஏதோ பிரச்சினையோ என்றுதான். உங்கள் மனதில் அது அவர்கள் மேல் வைத்த நம்பிக்கை. அவர்கள் கண்ணுக்கு அது கைகழுவல்.

அதனால் வேடம் மாறும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். "இப்ப கோச்சா பேசலை, கோட் எழுதின ஆளா என் கருத்தைச் சொல்றேன், வேண்டாம்னா விட்டுடுங்க." "இதுக்கு எனக்கும் பதில் தெரியாது, நிஜமாவே கேக்குறேன்." "இன்னிக்கு நான் நேரம் மட்டும் பாத்துக்கிறேன், முடிவு உங்களது." முதலில் கொஞ்சம் நாடகம் மாதிரி இருக்கும். இரண்டு வாரத்தில் அவர்களே "இப்ப எந்தத் தொப்பி?" என்று கிண்டலாகக் கேட்க ஆரம்பித்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். நிறுவன உளவியலாளர் எட்கர் ஷைன் 1969-லேயே மூன்று விதமான உதவியைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்: நிபுணராகப் பதிலை விற்பது, மருத்துவராக நோயைச் சொல்லி மருந்து எழுதுவது, அவர்களே தங்களைப் பார்த்துக்கொள்ளத் துணை நிற்பது. மூன்றுக்கும் இடமுண்டு. எதிரில் இருப்பவர் ஒன்றை எதிர்பார்க்கும்போது சொல்லாமல் இன்னொன்றைக் கொடுப்பதில்தான் சிக்கல், என் கதையில் ஜன்னலோரம் லேப்டாப் மூடியது அதனால்தான்.

எல்லா வேடமும் எல்லாருக்கும் பொருந்தாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் ஜென்ம விரோதிகள் மாதிரி முட்டிக்கொள்ளும்போது நடுவில் நின்று சமாதானம் பேச எனக்கு வராது. சீக்கிரமே யாராவது ஒருவர் பக்கம் சாய்ந்துவிடுவேன். அதற்கு இன்னொரு கோச்சைக் கூப்பிடுவேன், கூச்சப்படுவதில்லை. உங்களுக்கு எது வராது என்று யோசித்து வையுங்கள். எது மிகவும் பிடிக்கும் என்று அதைவிட முக்கியமாக யோசியுங்கள், ஏனென்றால் டீமுக்கு அது தேவைப்படாத நாளிலும் கை அங்கேதான் போகும்.

வரும் திங்கட்கிழமை டீமை உட்காரவைத்து, "நாலாவது மாசம் நான் சொல்லாம ஒதுங்கிட்டேன், அது என் தப்பு. எதுல நான் இருக்கணும், எதுல இருக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லுங்க" என்று கேளுங்கள். உடனே பதில் வராது. வெளியே போய் கால் மணி கழித்து வாருங்கள், பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அநேகமாக ரெட்ரோவை உங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு தடவைக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். மூன்றாவதை யார் நடத்துவது என்று நீங்கள் பெயர் சொல்லாதீர்கள். அந்த இரண்டு ரெட்ரோவில் உங்கள் முறையைப் பற்றி அதிகம் முணுமுணுத்தவர் யாரென்று கவனித்துக்கொண்டு, பலகை மார்க்கரை அவர் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.